கெடிலம் சிஸ்டர்ஸ் பிளேட்டின் இரண்டாம் பக்கம்

நம்ம மைக் செட் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறார்கள். எனக்குப் பேச்சு வரும், எழுத்து வராது. ஆனால் இந்த வருஷம் எழுதியே தீர வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால், எழுதுகிறவன் யார் என்று புதுசாகத் தொழிலுக்கு வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கீரப்பாளையத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஊருக்கு முதல் மைக் செட் கொண்டுவந்தது நான். ஆம்ப்ளிஃபயர் வாங்க வக்கில்லாமல், பழைய ரேடியோக்களை உடைத்து வால்வு எடுத்து நானே ஒன்று கட்டினேன். அது திட்டக்குடி வரைக்கும் கல்யாணத்துக்குப் போய்வந்தது. சிதம்பரத்தில் ஸ்டீரியோ கேசட் பதிந்து கொடுத்த முதல் கடை என்னுடையது. தேரோட்டத்துக்கு நாலு வீதியிலும் எதிரொலி இல்லாமல் ஹார்ன் கட்டியது நான். படித்த இன்ஜினியர்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு ஆகாது என்று கைவிரித்துப் போன வேலை அது. ஒரு ஏணி, ஒரு நூல்கண்டு, என் காது, இதை வைத்துக்கொண்டு மூன்றே நாளில் முடித்தேன். கேசட் படுத்தபோது மற்றவர்கள் கடையை செல்போன் ரீசார்ஜுக்கு மாற்றினார்கள். நான் ஐம்பத்தெட்டு வயதில் கம்ப்யூட்டர் வாங்கி, பழைய இசைத்தட்டை சி.டி.யாக மாற்றும் தொழிலை ஆரம்பித்தேன். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் அன்றைக்கு அந்த வேலை தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான். மகளை டாக்டருக்குப் படிக்க வைத்தேன். இதில் எதற்கும் யார் காலிலும் விழவில்லை.

அந்த நேரத்தில் லோக்கல் கேபிள் டி.வி.யில் என்னைப் பேட்டி எடுத்தார்கள். “எங்கிட்ட வந்து பாடாத பிளேட்டே கிடையாது” என்று சொன்னேன். என் மனைவி தனம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, “அந்தக் கடைசி வாக்கியத்த மட்டும் விட்டிருக்கலாம்” என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள் என்று நான் காதில் வாங்கவில்லை.

1. டீச்சர்

2006, தை மாசம். பொங்கல் முடிந்து கடை திறந்த இரண்டாம் நாள். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா பஸ் பிடித்து வந்தார். ஸ்டெல்லா என்று பெயர். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். கையில் துணிப்பை. அதற்குள் தலையணை உறை. உறைக்குள் இரண்டு அட்டை, அட்டைக்கு நடுவில் ஒரு பிளேட்.

“டி.வி.ல சொன்னீங்களே சார், பாடாத பிளேட்டே இல்லன்னு. இதப் பாட வைங்க” என்றார்.

கதையைக் கேட்டேன். அறுபதுகளில் கடலூரில் ஸ்டெல்லா, சரோஜா, பிலோமினா என்று மூன்று காலேஜ் பெண்கள். கிடார், டிரம் வைத்துக்கொண்டு காலேஜ் விழாவில் பாடியிருக்கிறார்கள். சினிமாப் பாட்டும் இல்லை, சாமிப் பாட்டும் இல்லை. இங்கிலீஷ் பாணியில் மெட்டு, நம்ம பேச்சுத் தமிழில் வார்த்தை. பாப் என்ற பெயரே நம்ம பக்கம் யாருக்கும் தெரியாத காலம் அது. கெடிலம் ஆற்றின் பெயரைச் சேர்த்து ‘கெடிலம் சிஸ்டர்ஸ்’ என்று வைத்துக்கொண்டார்கள். மெட்ராஸ் ரிக்கார்டு கம்பெனிக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு அழைத்துப் போய் எட்டுப் பாட்டு பதிந்தார். ஆல்பம். ஒரு பிளேட்டு, பக்கத்துக்கு நாலு பாட்டு. அதுதான் அவர்களுக்கு முதல் ஆல்பம். கடைசியும் அதுதான், ஏனென்றால் அது வெளியிலேயே வரவில்லை.

காரணம் ஒரு போட்டோ. ஆல்பம் வருகிறது என்று மூன்று பேர் நிற்கும் படத்தை ஒரு வாரப் பத்திரிகை போட்டுவிட்டது. சரோஜாவைத் தாய்மாமனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. மாமன் வீட்டில் பத்திரிகையைத் தூக்கிப்போட்டு, கூத்தாடிக் குடும்பமா என்று கேட்டார்கள். சரோஜாவின் அப்பா மெட்ராஸுக்குப் போய் கம்பெனியில் சத்தம் போட்டு, என் மகள் குரல் வெளியே வந்தால் கேஸ் போடுவேன் என்று நிறுத்திவிட்டார். ஆறே வாரத்தில் சரோஜாவுக்குக் கல்யாணம். சிதம்பரத்துக்கு வந்துவிட்டார். கம்பெனி சாம்பிளாக அனுப்பியிருந்த ஒரே ஒரு பிளேட்டு டீச்சர் கையில் நின்றுவிட்டது. பிலோமினா கப்பல் ஏறிப் போனவர், அதற்கப்புறம் தகவலே இல்லை.

“போட்டோவ நான்தான் பத்திரிகைக்குக் குடுத்தேன்னு சரோஜாவுக்கு நெனப்பு சார். அதுல நான் முன்னாடி நிக்கிறேன், அவ பின்னாடி நிக்கிறா. குடுத்தது கம்பெனிக்காரன். எத்தன தடவ எழுதிப் போட்டேன், கடுதாசியப் பிரிக்கவே இல்ல. நாப்பது வருஷம் பேசல.”

இன்னொன்றும் சொன்னார். இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு சரோஜா தனியாகப் பாடியது. அந்தப் பாட்டு தனக்குத்தான் வரும் என்று டீச்சர் எதிர்பார்த்திருந்தார். சரோஜாவுக்குக் கொடுத்ததும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். “பத்தொம்பது வயசுல வர்ற பொறாமதான். ஒரு வாரத்துல போயிடுச்சு. ஆனா அவ மறக்கல.”

சரோஜாவின் புருஷன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இப்போது வீட்டில் தடுக்க ஆள் இல்லை. சரோஜாவுக்கும் இருதயக் கோளாறு. சாம்பிள் வருவதற்கு முன்பே வீட்டில் அடைத்துவிட்டதால், தன் பாட்டைத் தானே ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. அதை சி.டி.யாக்கி அவர் கையில் கொடுக்க வேண்டும். டீச்சர் வந்தது அதற்குத்தான்.

2. சுண்டிப் பார்த்தல்

இந்த இடத்தைத் தொழிலில் இருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள்.

பிளேட்டு இரண்டு வகை என்றுதான் எனக்குத் தெரியும். அரக்கு பிளேட்டை நகத்தால் சுண்டினால் ‘டிங்’ என்று பீங்கான் மாதிரிச் சத்தம் வரும். அதில் ஸ்பிரிட் படக் கூடாது, கரைந்துவிடும். பிளாஸ்டிக் பிளேட்டைச் சுண்டினால் ‘டப்’ என்று செத்த சத்தம். அதை ஸ்பிரிட்டால் துடைக்கலாம், பளிச்சென்று ஆகும். முப்பது வருஷமாகச் சுண்டித்தான் பார்க்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

டீச்சரின் பிளேட்டைச் சுண்டினேன். டப். பிளாஸ்டிக்தான் என்று முடிவு கட்டினேன்.

மூன்று விஷயம் என் கண்ணில் பட்டது. கொஞ்சம் கனமாக இருந்தது. லேபிள் அச்சடித்ததாக இல்லை, பேனாவில் எழுதியிருந்தது. நடு ஓட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு ஓட்டை. யாரோ ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று நானே ஒரு பதிலும் வைத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

முதல் பக்கத்தைப் பிரஷ்ஷால் தூசி மட்டும் தட்டி ஓட்டினேன். கரகரப்பு ஜாஸ்திதான், ஆனால் நாலு பாட்டும் முழுசாக வந்தது. மூன்று பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டார். யார் குரல் எது என்று எனக்குக் கை காட்டிச் சொன்னார்.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால் மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பூசணம் மாதிரி. துடைக்க வேண்டும் என்றேன்.

“வேணாம் சார். இதுல தண்ணிகூடப் படக் கூடாதுன்னு கம்பெனிக்காரர் அப்பவே சொல்லிக் குடுத்தாரு. கரகரன்னு இருந்தாலும் பரவால்ல. அப்படியே எடுங்க.”

“டீச்சர், நீங்க பாட்டச் சொல்லிக் குடுங்க. பிளேட்டு விஷயத்த எங்கிட்ட விடுங்க.”

இந்த வார்த்தையைத்தான் சொன்னேன். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். சரோஜாவின் வீடு கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். அந்த வீட்டு மருமகளிடம் பேசிவிட்டு வருகிறேன், நாலு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, துடைக்காமல், கம்ப்யூட்டரில் பதியாமல், ஒரு தடவை ஊசியை வைத்துப் பார்த்தேன். கிடார் வந்தது. அப்புறம் அந்தப் பெண். “பாலத்து மேல ரயிலு போவுது, பாத்துக்கினே நான் நிக்கிறேன்…” இரண்டு அடிதான். மூன்றாவது அடி எடுக்கும்போது வெள்ளையில் வழுக்கி ஊசி உள்ளே ஓடிவிட்டது. எத்தனையோ பெரிய பாடகர்களுக்கு நான் மைக் வைத்திருக்கிறேன். அந்தக் குரலில் அலட்டலே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டே பாடுவது மாதிரி இருந்தது. இந்தக் குரலை நான் கண்ணாடி மாதிரி எடுத்துக் கொடுக்கிறேன் பார் என்று எனக்கு வேகம் வந்துவிட்டது.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பக்கம் முழுக்க உள்ளேயிருந்து வெளியே வட்டமாகத் துடைத்தேன். இரண்டு சுற்று வெள்ளை போனது. மூன்றாவது சுற்றில் பஞ்சு ஒட்டியது. இழுத்தேன். பஞ்சோடு கறுப்பாக ஜவ்வு மாதிரி வந்தது. கீழே பளபளவென்று தகரம் தெரிந்தது.

பிளேட்டுக்குள் தகரம் எப்படி வரும் என்று எனக்குப் புரியவே இல்லை. பிற்பாடு மெட்ராஸில் பழைய ஸ்டுடியோ ஆள் ஒருவருக்கு போன் போட்டுக் கேட்டேன். “யோவ், அது அலுமினியத் தகட்டு மேல லாக்கர்ங்கிற பூச்சத் தடவி, அதுல பாட்ட நேரா வெட்டி எடுக்கிற சாம்பிள் பிளேட்டுய்யா. ரெண்டாவது ஓட்டை அதுக்குத்தான். ஸ்பிரிட் பட்டா நகப்பூச்சு அழியற மாதிரி அழிஞ்சிடுமே” என்றார். மூன்றாவது வகை ஒன்று இருந்திருக்கிறது. அதுவும் சுண்டினால் டப் என்றுதான் சொல்லும்.

3. நாலு மணி

சொன்னபடி நாலு மணிக்கு டீச்சர் வந்தார். போகும்போது இருந்த முகம் இல்லை. பத்து வயசு குறைந்திருந்தது.

“வரச் சொல்லிட்டா சார். நேர்ல பேசல, உள்ளருந்து மருமககிட்டச் சொல்லி அனுப்பிச்சா. ஞாயித்துக்கெழம வரச் சொல்லு, பாட்டக் கேக்கறேன்னு.”

நான் பிளேட்டைத் தலையணை உறைக்குள் வைத்து மூடியிருந்தேன்.

“டீச்சர், ரெண்டாம் பக்கம் ஏற்கெனவே போயிருக்கு. பூசணம் உள்ளாற வரைக்கும் தின்னுடுச்சு. ஊசி வைக்கவே முடியல” என்றேன்.

பொய் எவ்வளவு லேசாக வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். முப்பது வருஷப் பெயர் போய்விடும் என்று பயம். கடலூர் வரைக்கும் பேச்சாகிவிடும், நம்பி யாரும் பிளேட்டு கொடுக்கமாட்டார்கள் என்றெல்லாம் உள்ளே ஓடியது. அவர் நம்பினார். “என் தப்பு சார். அட்டைக்குள்ளயே வச்சுட்டேன், காத்தாட விட்டிருக்கணும்” என்று என்னிடமே சொன்னார். நாலு பாட்டு சி.டி.யையும் உறையோடு பிளேட்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

4. சரோஜா வீட்டு மாடி

சரோஜாவைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையே கடலூர் திரும்பியிருக்க வேண்டிய டீச்சர், திங்கட்கிழமை காலையில் என் கடை வாசலில் நின்றார். ராத்திரி பூராவும் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

நாலு பாட்டையும் சரோஜா கேட்டிருக்கிறார். டீச்சர் கையைக்கூடப் பிடித்துக்கொண்டிருக்கிறார். முடிந்ததும், என் பாட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார். அது பாழாகிவிட்டது என்று டீச்சர் சொன்னதும் கையை எடுத்துக்கொண்டாராம். “எட்டுல நாலு நல்லாருக்கு. எனக்குன்னு இருந்த பக்கம் மட்டும் போயிடுச்சு. இன்னும் உனக்கு அந்தக் கோவம் போகல இல்ல?” என்று கேட்டாராம்.

“நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார், அது தானாப் போனதுன்னு. உங்க பேர் அவளுக்குத் தெரியும். நீங்க சொன்னா நம்புவா.”

போனேன். மாடியில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி. நான் அதே பொய்யைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார்.

“இல்லங்க, எனக்குப் பாட்டு பெருசில்ல. அடுப்பங்கரைல நாப்பது வருஷம் அத மனசுக்குள்ளயே பாடிக்கினுதான் இருந்தேன். மூணாவது அடி மட்டும் எப்பவோ போயிடுச்சு. எவ்ளோ தேடியும் வரல. அதுக்குத்தான் கேக்கலாம்னு பாத்தேன்” என்றார். பிறகு டீச்சரைப் பார்த்து, “உனக்காவது ஞாபகம் இருக்கா?” என்றார்.

டீச்சர் இல்லை என்று தலையாட்டினார். “அத நான் கேக்கக் கூடாதுன்னு காத மூடிக்கினு இருந்தேன் சரோ, அந்த ஒரு வாரம்” என்றார். அதைக் கேட்டு சரோஜா லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு விட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

பிளேட்டைக் காட்டு என்றார். டீச்சர் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சரோஜா ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார். ஓரத்தில் எதையோ நகத்தால் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“பூசணத்துல பஞ்சு எங்கடி வந்துச்சு?” என்று டீச்சரைக் கேட்டார்.

நான் அங்கேதான் நிற்கிறேன். மூன்றடி தூரம். வாயைத் திறந்து நான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். டீச்சர் முதலில் பஞ்சைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒருத்தனை எதிரில் நிற்க வைத்துக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் டீச்சருக்கு இல்லை போலிருக்கிறது. சரோஜா பிளேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

படி இறங்கும்போது டீச்சர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“டி.வி.ல அவ்ளோ பேசுனீங்களே சார்.”

5. அதற்கப்புறம்

இன்றைக்குப் போய்ச் சொல்லலாம், நாளைக்குப் போய்ச் சொல்லலாம் என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். அந்தத் தெரு வழியாகத்தான் தினம் கடைக்குப் போவேன். அப்புறம் சுற்றுப்பாதையில் போக ஆரம்பித்தேன். 2008 ஐப்பசி மழையில் ஒரு நாள், அந்த வீட்டு வாசலில் சாமியானா போட என் கடைக்கே ஆள் வந்தது. யாருக்கு என்று கேட்டேன். மாடியில் இருந்த பெரியம்மாவுக்கு என்றார்கள்.

தனத்திடம் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். “கடலூருக்குப் போயிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

மஞ்சக்குப்பத்தில் டீச்சர் வீட்டுக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன். நான்தான் துடைத்தேன், நான்தான் கெடுத்தேன் என்றேன். உட்காருங்கள் என்றார், தண்ணீர் கொடுத்தார்.

“எனக்கு அன்னிக்கே தெரியும் சார். தெரியாமப் போனது அவளுக்குத்தான்.”

வேறு என்ன கேட்க இருக்கிறது. மூன்றாவது அடியையாவது நான் கேட்டிருந்தால் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். இரண்டு அடி கேட்டேன். வெளியே வராத அந்தக் குரலைக் கடைசியாகக் கேட்ட காது என்னுடையது. இந்தக் காது எத்தனை கெட்டியானது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

போன வருஷம் டீச்சரிடம் படித்த பிள்ளைகள் சேர்ந்து அந்த நாலு பாட்டையும் சி.டி.யாகக் கடலூரில் வெளியிட்டார்கள். உறைக்குள் மடித்த தாளில் கெடிலம் சிஸ்டர்ஸ் கதை இருக்கிறது. மூன்று பேர் பெயரும் இருக்கிறது. கடைசியில், ‘ஒலி மீட்பு: கீரப்பாளையம் ஏழுமலை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு வரி: ‘இரண்டாம் பக்கம் காலத்தால் அழிந்தது.’ எழுதிக் கொடுத்தது டீச்சர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மேடையில் எனக்குப் பொன்னாடையும் போட்டார்கள். மைக் என் கைக்கு வந்தது. நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மூன்றாவது தடவையும் என் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுத்தில் வருகிறேன்.

தொழிலுக்குப் புதுசாக வந்தவர்களுக்கு ஒன்று. கையில் வந்த பொருள் என்ன வகை என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அதனால் ஒரு கடையும் மூடியதில்லை. பொருளைக் கொண்டுவந்தவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அவர்கள் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், வேண்டாம்தான்.

சி.டி. போட்ட பிள்ளைகளுக்கு ஒன்று. அடுத்த தடவை அச்சடிக்கும்போது அந்த வரியை எடுத்துவிட வேண்டும். காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாற்பது வருஷம் காலம் அதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தது. என் பெயரை எடுக்க வேண்டாம். அந்த நாலு பாட்டை எடுத்தது நான்தான், அதை யாரும் மறுக்க முடியாது. அதன் கீழேயே இதையும் சேர்க்க வேண்டும்:

‘இரண்டாம் பக்கத்தில் நாலு பாட்டு இருந்தது. அதில் ஒன்று சரோஜா தனியாகப் பாடியது. தொட வேண்டாம் என்று ஸ்டெல்லா சொன்ன பிறகும் ஸ்பிரிட் போட்டு அழித்தவர்: கீரப்பாளையம் ஏழுமலை. ஸ்டெல்லாவுக்கு இதில் பங்கு இல்லை.’

மேலே போட்ட அதே சைஸ் எழுத்தில் போடவும்.